தேன்கூட்டில் ஓராண்டு



சென்ற ஆண்டு ஒரு நாள் முற்பகலில் நம் பள்ளித் திடலின் ஓரத்தில் நிற்கும் மாமரத்தை நோக்கிப் பெரியதோர் இரைச்சல் வந்ததை உங்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். வானில் புகை சுழல்வதுபோல ஆயிரக்கணக்கான தேனீக்கள் சுழன்று வந்தன. கால் மணி நேரத்திற்குள் அவை யாவும் மாமரத்தின் தாழ்ந்த கிளையொன்றில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு தொங்கின. பழுப்பு நிறப் பலாக்காய் ஒன்று மாமரத்தில் காய்த்ததோ என்று எண்ணும்படி அத்திரள் காட்சியளித்தது.

வகுப்பறைக் கதவுகள் அடைக்கப்பட்டன. சிறுவர் சிலர் அழுதனர். "பந்தம் கொளுத்தி எரித்துவிடலாம்" என்றார் ஒருவர். "பூச்சிமருந்து அடிக்கலாம்" என்றார் மற்றொருவர். அப்போது, முன்னாளில் பால்மரம் வெட்டிய அனுபவமுடைய நம் பள்ளித் தோட்டக்காரத் தாத்தா தலைமையாசிரியரிடம், "வேண்டாம் ஐயா! இவை குடிபெயர்ந்து வந்தவை. வழியில் இளைப்பாறுகின்றன. நாளைக்கே போய்விடும்" என்று அமைதியாகக் கூறினார். அவர் சொற்படியே மரத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, எவரும் அருகில் செல்லாதவாறு காத்தோம். மறுநாள் நண்பகலில் அத்திரள் எழுந்து பறந்து மறைந்தது. கிளையில் வெண்மெழுகுத் துளிகள் சில மட்டுமே எஞ்சியிருந்தன.

நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி அந்தக் கிளையை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, மூன்று வினாக்களைத் தொடுத்தாள். "அவை எங்கிருந்து வந்தன? ஏன் வந்தன? எங்கே போயின?"

அவ்வினாக்களுக்கு அன்று நம்மால் முழு விடை கூற இயலவில்லை. பின்னர்ப் பல நூல்களைப் புரட்டியும் தேனீ வளர்ப்போரைக் கேட்டும் அறிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகின்றோம். மூன்று வினாக்களுக்கும் விடை ஒரே சொல்லில் அடங்கியிருக்கிறது. அச்சொல் 'பருவம்' என்பதாகும்.

கூட்டில் வாழும் குடிகள்

தேன்கூடு ஒன்றில் மூவகைத் தேனீக்கள் வாழ்கின்றன.

முதலாவது, இராணித் தேனீ. ஒரு கூட்டிற்கு ஓர் இராணியே உண்டு. முட்டையிடுவதே அதன் தொழில். தேனீப் பெட்டிகளில் உலகெங்கும் வளர்க்கப்படும் ஐரோப்பியத் தேனீ இனத்தின் இராணி, பூக்கள் மலிந்த காலத்தில் ஒரே நாளில் 1500 முட்டைகள் வரையிலும், சிலபோது அதற்கு மேலும் இடும். இரண்டாவது, ஆண் தேனீக்கள். இவை சில நூறு இருக்கும். இவை தேன் திரட்டுவதில்லை. இவற்றுக்குக் கொடுக்கும் இல்லை. இளைய இராணித் தேனீயோடு கூடி இனம் பெருகச் செய்வது ஒன்றே இவற்றின் பணி. மூன்றாவது, வேலைக்காரத் தேனீக்கள். கூட்டில் எஞ்சிய ஆயிரக்கணக்கான தேனீக்கள் யாவும் இவையே. இவை அனைத்தும் பெண் தேனீக்கள் என்பதை அறிந்தால் நீங்கள் வியப்படைவீர்கள்.

வேலைக்காரத் தேனீயின் பணி வயதுக்கேற்ப மாறுகிறது. பிறந்தவுடன் அது செய்யும் முதல் வேலை, அறைகளைத் துப்புரவு செய்வதாகும். சில நாள்கள் சென்றதும் செவிலித்தாயாகிப் புழுக்களுக்கு உணவூட்டும். பின்னர் தன் வயிற்றிலிருந்து மெழுகைச் சுரந்து அறுகோண அறைகளைக் கட்டும். பிற தேனீக்கள் கொண்டுவரும் பூந்தேனை வாங்கிப் பக்குவப்படுத்தும். வாயிலில் நின்று காவல் புரியும். ஏறத்தாழ மூன்று வாரங்கள் இவ்வாறு வீட்டு வேலையில் கழிந்த பின்னரே அது பூக்களைத் தேடி வெளியே பறக்கத் தொடங்குகிறது. வெயிலிலும் காற்றிலும் ஓயாமல் பறப்பதால் அதன் சிறகுகள் ஓரங்களில் நைந்து கிழிகின்றன. இரண்டு அல்லது மூன்று வாரங்கள் சென்றபின், ஒரு நாள் வெளியே சென்ற தேனீ வீடு திரும்புவதில்லை.

ஆக, உழைப்பு மிகுந்த காலத்தில் வேலைக்காரத் தேனீயின் ஆயுள் ஏறத்தாழ ஆறு வாரங்களே. அந்த வாழ்நாள் முழுவதும் உழைத்து ஒரு தேனீ ஆக்கித் தரும் தேன், ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்கிட்டிருக்கின்றனர். 'ஆறு வாரம்' என்னும் இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அது நமக்குத் தேவைப்படும்.

தேனீயின் நாள்காட்டி

நமக்கு நாள்காட்டி சுவரில் தொங்குகிறது. தேனீக்கு நாள்காட்டி மரங்களிலும் செடிகளிலும் மலர்கிறது. எந்த மலர் எப்போது பூக்கிறது என்பதே அதன் ஆண்டுக் கணக்கு.

பூவிலிருந்து தேனீ இரண்டு பொருள்களைப் பெறுகிறது. ஒன்று பூந்தேன், அது பறப்பதற்கு வேண்டிய ஆற்றலைத் தருகிறது. மற்றொன்று மகரந்தம், அது புழுக்கள் வளர்வதற்கு வேண்டிய புரதத்தைத் தருகிறது. பூந்தேன் பெரும்பாலும் நீரே. பல மலர்களின் பூந்தேனில் நூற்றுக்கு 60 முதல் 80 பங்கு வரை நீர் இருக்கும். அதனை அப்படியே வைத்தால் புளித்துவிடும். ஆகவே தேனீக்கள் அதனை ஒன்றன் வாயிலிருந்து ஒன்று வாங்கிப் பக்குவம் செய்து, அறைகளில் மெல்லப் பரப்பி, சிறகால் விசிறி விசிறி நீரை வற்றச் செய்கின்றன. நீர் நூற்றுக்கு 20 பங்குக்கும் குறைந்த பின்னரே அது கெடாத தேனாகிறது. பின்னர் அறையின் வாயை மெழுகால் மூடி முத்திரையிட்டு வைக்கின்றன.

ஒரு தேனீ நல்ல மலர்க்கூட்டத்தைக் கண்டால், கூட்டிற்குத் திரும்பித் தேனடையின்மேல் எட்டு வடிவத்தில் ஆடிக் காட்டும். அந்த ஆட்டத்தின் திசையும் நேரமும் மலர் இருக்குமிடத்தின் திசையையும் தொலைவையும் பிற தேனீக்களுக்கு உணர்த்துகின்றன. இதனை ஆராய்ந்து விளக்கிய கார்ல் வான் பிரிஷ் என்னும் ஆஸ்திரிய நாட்டு அறிஞருக்கு, வேறு இரு அறிஞர்களோடு சேர்த்து 1973-ஆம் ஆண்டில் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இத்துணைப் பாடுபட்டுத் தேனைச் சேமிப்பது எதற்காக? பூக்கள் இல்லாத காலம் ஒன்று வரும் என்பதற்காகவே. அந்தக் காலம் குளிர் நாடுகளில் மிகத் தெளிவாகத் தெரியும். ஆகவே முதலில் அங்குள்ள ஒரு கூட்டினுள் சென்று பார்த்துவிட்டுப் பின்னர் நம் நாட்டிற்குத் திரும்புவோம்.

குளிர் நாட்டுக் கூடு

ஐரோப்பாவில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் வசந்தம் பிறக்கிறது. பனி உருகி முதற்பூக்கள் மலர்ந்ததும் தேனீக்கள் மகரந்தம் சுமந்து வருகின்றன. புது மகரந்தம் வரவர இராணி மிகுதியான முட்டைகளை இடுகிறது. முட்டையிட்ட 21-ஆம் நாளில் புதிய வேலைக்காரத் தேனீ அறையை உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. குளிர்காலத்தின் இறுதியில் பத்தாயிரம் அளவில் இருந்த குடிமக்கள், கோடையில் ஐம்பதாயிரத்தை எட்டிவிடுவதும் உண்டு.

மே, ஜூன், ஜூலை மாதங்கள் தேன் வரத்து மிகுந்த மாதங்கள். அப்போது கூட்டில் இரவும் பகலும் ஓய்வு இராது. பகலில் திரட்டிய பூந்தேனை இரவில் விசிறி வற்றச் செய்யும் இரைச்சலைக் கூட்டின் அருகில் நின்றாலே கேட்கலாம்.

கோடை முடிந்து பூக்கள் குறையும்போது கூட்டில் கண்டிப்பு மிகுகிறது. இதுவரை உண்டு உலவிய ஆண் தேனீக்களுக்கு இனி உணவு இல்லை. வேலைக்காரத் தேனீக்கள் அவற்றைப் பற்றி இழுத்து வாயிலுக்கு வெளியே தள்ளுகின்றன. மீண்டும் நுழைய விடுவதில்லை. நமக்கு இது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் வரவிருக்கும் பஞ்ச காலத்திற்கு எத்தனை வாய்களுக்கு உணவு போதும் என்பதைக் கூடு இவ்வாறுதான் தீர்மானிக்கிறது.

இலையுதிர்காலத்தில் வேறொரு மாற்றமும் நிகழ்கிறது. அப்போது பிறக்கும் வேலைக்காரத் தேனீக்கள் கோடையில் பிறந்தவற்றைப் போன்றவை அல்ல. அவற்றுக்கு ஊட்டி வளர்க்கப் புழுக்கள் மிகுதியாக இல்லை. ஆகையால் அவை உண்ட மகரந்தத்தின் சத்தைத் தம் உடலிலேயே கொழுப்பாகவும் புரதமாகவும் சேமித்துக்கொள்கின்றன. அதன் பயனாக அவை ஆறு வாரங்கள் அல்ல, நான்கு முதல் ஆறு மாதங்கள் வரை உயிர்வாழ்கின்றன.

பின்னர் பனி பெய்கிறது. வெளியே ஒரு பூவும் இல்லை. இக்காலத்தில் தேனீக்கள் உறங்கிக் கிடக்கும் என்று பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. அவை இராணியை நடுவில் வைத்துப் பந்துபோல் நெருங்கித் திரள்கின்றன. பறப்பதற்குரிய தசைகளைச் சிறகை அசைக்காமலே அதிரச் செய்து வெப்பத்தை உண்டாக்குகின்றன. வெளியே நீர் உறைந்து கிடக்க, திரளின் நடுவில் ஏறத்தாழ 20 பாகை செல்சியசு வெப்பம் நிலவும். புழுக்கள் இருப்பின் அது 34 பாகையையும் எட்டும். ஓரத்தில் இருக்கும் தேனீக்கள் குளிர்ந்ததும் மெல்ல உள்ளே நகர, உள்ளே இருப்பவை ஓரத்திற்கு வருகின்றன. குளிரை ஒன்றே தாங்குவதில்லை. எல்லாம் மாறி மாறித் தாங்குகின்றன.

அந்த வெப்பத்திற்கு விறகு எது? கோடையில் சேர்த்து வைத்த தேனே. ஒரு குளிர்காலத்தைக் கடக்க ஒரு கூட்டிற்கு ஏறத்தாழ 15 முதல் 20 கிலோகிராம் தேன் வேண்டும்.

தாம் உண்ணாத தேன்

மாணவர்களே, 'ஆறு வாரம்' என்னும் கணக்கை இப்போது நினைவுக்குக் கொண்டு வாருங்கள்.

ஜூன் மாதத்தில் பூப்பூவாய்ப் பறந்து தேன் திரட்டிய தேனீ ஆகஸ்டு மாதத்தில் உயிரோடு இல்லை. அந்தத் தேனை ஜனவரி மாதத்தில் உண்டு குளிரைத் தாங்கும் தேனீ, ஜூன் மாதத்தில் பிறக்கவே இல்லை. சேர்த்தது ஒன்று, உண்பது மற்றொன்று. சேர்த்ததும் உண்பதும் ஒன்றையொன்று கண்டதுகூட இல்லை.

அதுபோலவே, பனிக்காலம் முழுவதும் திரளாய் நின்று இராணியைக் காத்த தேனீக்கள், வசந்தத்தின் முதற்புழுக்களுக்குத் தம் உடலில் சேமித்த சத்தையே உணவாக ஊட்டி வளர்த்துவிட்டு, பூக்கள் நிறைந்து மலரும் வேளையில் ஒவ்வொன்றாய் மறைந்துபோகின்றன. வரும் கோடையின் விருந்து அவற்றுக்கு இல்லை.

ஒரு தேனீக்கு ஓராண்டு இல்லை. ஒரு கூட்டிற்கே ஓராண்டு உண்டு. தேன்கூட்டின் வாழ்க்கையில் நாம் கண்ட செய்திகளுள் தலையாயது இதுவே.

நம் நாட்டில் பருவம் இல்லையா?

நம் நாட்டில் பனி இல்லை. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமே. அப்படியானால் இங்குள்ள தேனீக்களுக்குப் பஞ்ச காலம் ஏது என்று நீங்கள் கேட்கலாம்.

மழையே இங்குப் பஞ்சத்தைக் கொண்டுவருகிறது. வடகிழக்குப் பருவமழை வீசும் மாதங்களில், குறிப்பாகக் கிழக்குக் கரை மாநிலங்களில், நாள் கணக்கில் மழை விடாது பெய்யும். மழையில் தேனீ பறக்க இயலாது. மலர்ந்த பூவிலும் மழைநீர் நிறைந்து பூந்தேன் கரைந்துவிடும். அவ்வேளையில் கூட்டில் உள்ள சேமிப்பே உணவு. மகரந்தமும் தீர்ந்துவிட்டால், வளர்க்க இயலாத முட்டைகளையும் இளம் புழுக்களையும் செவிலித் தேனீக்களே தின்றுவிடுவதுண்டு. இருக்கும் உணவைக் கொண்டு இருப்பவற்றையாவது காக்க வேண்டும் என்பதே இயற்கையின் கணக்கு.

நம் வீட்டுப் புறங்களிலும் மரப் பொந்துகளிலும் பல அடைகளை வரிசையாகக் கட்டி வாழ்வது அடுக்குத் தேனீயாகும். இதற்குக் கைகொடுக்கும் நண்பன் தென்னை. தென்னையில் ஒரு பாளைக்குப் பின் ஒரு பாளையாக ஆண்டு முழுவதும் மலர்வதால், தென்னந்தோப்பு உள்ள கம்போங்களில் அடுக்குத் தேனீக்கு ஒரு நாளும் அடுப்பு முற்றிலும் அணைவதில்லை எனலாம். ஆயினும் அதற்கு உண்மையான விருந்து தருவது நம் பெற்றோரும் பாட்டன்மாரும் நன்கறிந்த மரமொன்று. அதுவே பால்மரம்.

பால்மரத்தின் தளிரும் தேனீயின் விருந்தும்

இரப்பர்த் தோட்டத்தில் வாழ்ந்தோர் இலை கொட்டும் காலத்தை மறக்கமாட்டார்கள். ஆண்டின் தொடக்க மாதங்களில், வறண்ட வெயில் அடிக்கும்போது, பால்மரங்கள் தம் இலைகளையெல்லாம் உதிர்த்து வெறுங்கிளைகளோடு நிற்கும். தரையெங்கும் சருகு மூடிக் கிடக்கும். மரம் புதுத் தளிர் விடும் நாள்களில் பால் குறைந்துவிடும். பால் குறைந்தால் கூலியும் குறையும். தோட்டத்து வீடுகளில் அது கையைக் கடிக்கும் காலமாக இருந்தது.

ஆனால் அதே நாள்களே தேனீக்குத் திருவிழா நாள்கள். பால்மரத்தின் இலைக்காம்பு ஒன்றில் மூன்று சிற்றிலைகள் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அம்மூன்றும் கூடும் இடத்தில் நுண்ணிய தேன் சுரப்பிகள் உள்ளன. இலை தளிராக இருக்கும்போது அச்சுரப்பிகளில் இனிய நீர் துளிர்க்கிறது. பூவிலிருந்துதான் தேன் வரும் என்று நாம் எண்ணியிருக்க, இங்கே இலையிலிருந்தே தேன் வருகிறது! தமிழ்நாட்டில் இரப்பர்த் தோட்டங்கள் மிகுந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் இவ்வாறே. மார்த்தாண்டம் பகுதியில் தேனீ வளர்ப்போருக்குப் பெரும் தேன் வரத்து இரப்பர்த் தளிரிலிருந்தே கிடைக்கிறது.

நம் முன்னோர் வெறுங்கிளைகளை அண்ணாந்து பார்த்து அடுத்த மாதக் கூலியை எண்ணிக் கவலையுற்ற வேளையில், அதே கிளைகளின் நுனியில் தேனீக்கள் தம் ஆண்டுச் சேமிப்பைத் திரட்டிக்கொண்டிருந்தன. இன்று பல தோட்டங்களில் பால்மரங்கள் அழிக்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டுவிட்டது. செம்பனையின் ஆண் பூக்கள் தேனீக்கு மகரந்தம் தரும். ஆனால் பூந்தேன் தருவதில்லை. ஒரு மரத்தை மாற்றி மற்றொரு மரத்தை நடும்போது தேனீயின் நாள்காட்டியிலிருந்தும் ஒரு மாதம் கிழிக்கப்படுகிறது என்பதை நாம் உணரவேண்டும்.

குடி பிரிதல்

இனி நம் மாமரத்திற்கு வருவோம்.

தேன் வரத்து மிகுந்து, குடிமக்கள் பெருகி, கூட்டில் இடம் போதாமற் போகும்போது தேனீக்கள் குடி பிரிய ஆயத்தமாகின்றன. சில புழுக்களுக்குப் பெரிய அறைகள் கட்டி, 'அரசக்கூழ்' எனப்படும் சிறப்பு உணவையே மிகுதியாக ஊட்டுகின்றன. அவை இராணிகளாக வளர்கின்றன. புதிய இராணி வெளிவருவதற்குச் சில நாள்களுக்கு முன்பே பழைய இராணி, பாதிக்கு மேற்பட்ட வேலைக்காரத் தேனீக்களோடு கூட்டை விட்டுப் புறப்படுகிறது.

இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. வீட்டை விட்டுப் போவது மூத்தது. கட்டிய அடையும், நிறைந்த தேனும், வளரும் புழுக்களும் இளையதற்கு விடப்படுகின்றன. புறப்படுவோர் கொண்டுசெல்வது தம் வயிற்றில் நிரப்பிக்கொண்ட தேன் மட்டுமே.

அவ்வாறு புறப்பட்ட திரள் அருகிலுள்ள கிளையொன்றில் தங்குகிறது. அங்கிருந்து ஒற்றர் தேனீக்கள் நாற்புறமும் சென்று மரப் பொந்துகளையும் சுவர் இடுக்குகளையும் ஆராய்கின்றன. திரும்பி வந்து திரளின்மேல் ஆடித் தாம் கண்ட இடத்தைக் கூறுகின்றன. சிறந்த இடத்தைக் கண்ட தேனீ நெடுநேரம் ஆடும். அதனைக் கண்டு பிறவும் அங்குச் சென்று பார்த்து வந்து ஆடும். இவ்வாறு ஓரிடத்திற்கு ஆதரவு பெருகிய பின்னரே திரள் எழுந்து பறக்கிறது. இராணி கட்டளையிடுவதில்லை, குடிகளே முடிவு செய்கின்றன. இதற்குச் சில மணி நேரமோ ஓரிரு நாள்களோ ஆகும்.

நம் பள்ளிக்கு வந்த விருந்தாளிகள் இத்தகையவையே. அவை வந்த நாள்களில் அண்மையிலுள்ள பால்மரங்கள் தளிர் விட்டிருந்தன என்பதை நினைவுகூர்ந்தால் யாவும் விளங்கும். காப்பதற்கு வீடும் குஞ்சும் இல்லாமையால் அத்தகைய திரள் பெரும்பாலும் சீற்றமின்றி இருக்கும். தோட்டக்காரத் தாத்தா ஏட்டில் படித்து இதனைக் கூறவில்லை. காட்டோரத்து மரங்களில் பல முறை கண்டதைக் கூறினார்.

பஞ்சம் வந்தால்

குடி பிரிதல் வளத்தினால் நிகழ்வது. பஞ்சத்தினால் நிகழும் புறப்பாடு வேறு. உணவு அருகினாலும், எறும்பும் மெழுகுப் பூச்சியும் தொல்லை தந்தாலும், அடுக்குத் தேனீ கூட்டையே முழுமையாகக் கைவிட்டுச் சென்றுவிடும். அதனையும் அது திட்டமிட்டே செய்கிறது. இராணி முட்டையிடுவது குறைகிறது. வளர்ந்துகொண்டிருக்கும் குஞ்சுகள் வெளிவரும் வரை காத்திருக்கின்றன. எஞ்சிய தேனை உண்டு தீர்க்கின்றன. பின்னர் ஒரு நாள் கூடு முழுவதும் எழுந்து, பூக்கள் உள்ள இடத்தை நாடிச் செல்கிறது. தேனீ வளர்ப்போர் காலையில் வந்து பார்க்கும்போது வெற்று அடைகளே இருக்கும். பேராசையால் தேனை முழுவதும் எடுத்துவிட்டவர் இவ்வாறு கூட்டையே இழப்பதுண்டு.

துவாலாங் மரத்து விருந்தாளிகள்

இவ்வாறு பருவத்தைத் தேடிப் பயணம் செய்வதில் மலைத்தேனீக்கு ஈடு வேறில்லை. இது பொந்துகளில் வாழ்வதில்லை. உயர்ந்த மரங்களின் கிளைக்கு அடியில் ஒரே பெரிய அடையைக் கட்டித் திறந்த வெளியில் வாழும். நம் காடுகளில் அதற்கு மிக விருப்பமானது துவாலாங் மரம். சில துவாலாங் மரங்கள் 80 மீட்டருக்கும் மேல் வளர்கின்றன. அதன் பட்டை வழுவழுப்பானது. ஆகவே தேனை விரும்பும் கரடி எளிதில் ஏற இயலாது. ஒரே மரத்தில் நூறு கூடுகள் வரை தொங்குவதுண்டு.

கெடா மாநிலத்தின் பெடு ஏரியைச் சூழ்ந்த காட்டில் ஆண்டின் தொடக்க மாதங்களில் மரங்கள் பூக்கும்போது மலைத்தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்கின்றன. நிலவற்ற இரவில் மலாய்த் தேன் எடுப்போர் மரத்தில் ஏறி, கனலும் பந்தத்தைக் கிளையில் தட்டித் தீப்பொறிகளைக் கீழே சொரிவர். தேனீக்கள் அப்பொறிகளைத் தொடர்ந்து இறங்கிச் செல்ல, அவர்கள் தேனடையை அறுத்தெடுப்பர். சில மாதங்கள் சென்று பூக்கள் ஓய்ந்ததும் மலைத்தேனீக்கள் அடைகளை வெறுமையாக விட்டுவிட்டு மறைந்துபோகும். இலங்கையில் மலைத்தேனீக்கள் தாழ்நிலத்திற்கும் மலைநாட்டிற்கும் இடையே பருவந்தோறும் 200 கிலோமீட்டர் வரை பயணம் செய்வதாக ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர்.

இதனினும் பெரிய வியப்பொன்று உண்டு. பல மாதங்கள் கழித்து, அதே இராணியோடு அதே மரத்திற்குத் திரும்பி வரும் கூடுகள் உள்ளன என்று ஆராய்ச்சியால் தெரியவந்துள்ளது. இராணி பல ஆண்டு வாழ வல்லது. ஆனால் அதனோடு புறப்பட்டுச் சென்ற வேலைக்காரத் தேனீக்கள் அதற்குள் மறைந்திருக்கும். திரும்பி வருபவை அந்த மரத்தை முன்பு கண்டிராதவை. தாம் பிறவாத வீட்டிற்கு அவை திரும்பி வருகின்றன!

நாம் செய்யத்தக்கவை

தேனீத் திரளைக் கண்டால் கல்லெறிதல் கூடாது, கூச்சலிடுதலும் கூடாது. அமைதியாக விலகி ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ தெரிவியுங்கள். வந்த திரள் ஓரிரு நாளில் போகாது, மக்கள் நடமாடும் இடத்தில் கூடு கட்டத் தொடங்கினால், அதனை அகற்றப் பயிற்சி பெற்ற பொதுத் தற்காப்புப் படையினரையோ தேனீ வளர்ப்போரையோ பெரியவர்கள் அழைப்பார்கள். தீ மூட்டுவதும் நஞ்சு தெளிப்பதும் நமக்கும் கேடு, தேனீக்கும் கேடு.

பூச்செடி நடுவோர் ஒரே வகையை நடாமல், வெவ்வேறு மாதங்களில் மலரும் பல வகைகளை நடுவோமாக. பள்ளித் தோட்டத்தில் ஒரு மாதம் பூவின்றிப் போனால், அம்மாதத்தில் எங்கோ ஒரு கூட்டில் புழுவொன்று பசித்திருக்கும்.

அன்று நம் மாணவி கேட்ட மூன்று வினாக்களுக்கும் இப்போது விடை கூறலாம். அவை எங்கிருந்து வந்தன? நிறைந்த வீட்டிலிருந்து வந்தன. ஏன் வந்தன? அவ்வீட்டை இளையோருக்கு விட்டுக்கொடுத்ததால் வந்தன. எங்கே போயின? இனிப் பிறக்கப்போகும் தேனீக்களுக்கு ஒரு வீடு கட்டப் போயின.

அவற்றை அன்றே எரித்திருந்தால் இவ்விடைகளை நாம் அறிந்திருக்கமாட்டோம். இப்பள்ளியின் கட்டடத்தைத் தம் கூலியிலிருந்து வெள்ளி வெள்ளியாகச் சேர்த்து எழுப்பியோரில் பலர் இன்று நம்மிடையே இல்லை. இதில் அமர்ந்து கற்கப்போகும் உங்களை அவர்கள் கண்டதும் இல்லை. தேன்கூட்டின் ஓராண்டைப் படித்த நமக்கு, அவர்கள் ஏன் அவ்வாறு செய்தார்கள் என்பது இப்போது நன்கு விளங்குகின்றது. நாமும் நமக்குப் பின் வருவோருக்கு ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கேனும் சேர்த்து வைப்போமாக!